லான் சேனி: மேக்கப்புக்கு அப்பால் இருக்கும் நடிகரைப் பேசுவோம்

வெண்திரை

மௌனப் படக் காலத்து நடிகர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் சாப்ளின், கீட்டன், வாலன்டினோ என்று போய்விட்டு, கடைசியில் "பயங்கரமா மேக்கப் போடுவாரே, அவர்" என்று லான் சேனியை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 'ஆயிரம் முகக்காரர்' என்ற பட்டம் அவருக்குப் பெருமையைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்தது என்பது என் கருத்து. அந்த ஆயிரம் முகத்துக்கும் கீழே ஓர் உடம்பு இருந்தது. படத்தைத் தூக்கி நிறுத்தியது அந்த உடம்புதான்.

எங்கிருந்து வந்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1883 ஏப்ரல் 1ஆம் தேதி, அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அம்மா வழித் தாத்தாதான் அந்த ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 1874இல் தொடங்கக் காரணமாக இருந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழில் செய்தார். அம்மாவை மூட்டுவாதம் படுக்கையில் தள்ளியதும், லான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். வெளியே தெருவில் யார் வந்தார், யார் போனார், யாரோடு யாருக்குச் சண்டை என்பதையெல்லாம் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே நின்று நடித்துக் காட்டுவது அவருடைய தினசரி வேலை. பேச்சே இல்லாமல் ஒரு மனிதரை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பயிற்சி அவருக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது.

என் வாதம் இதுதான்: மேக்கப்பை முழுக்கத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் சேனி அந்தக் காலத்தின் மிகப் பெரிய நடிகர்களில் ஒருவர். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

பாரிமுனை

வெண்திரை சார், தலைப்பே எனக்கு ஒப்பவில்லை. மேக்கப்பை ஏன் நடிப்புக்கு எதிர்க்கட்சி ஆக்குகிறீர்கள்?

அன்றைக்கு ஸ்டுடியோக்களில் இப்போதுபோல் தனி ஒப்பனைத் துறை கிடையாது. நடிகர்கள் தங்கள் முகத்தைத் தாங்களேதான் தயார்செய்துகொண்டார்கள். சேனி ஒரு பெட்டி வைத்திருந்தார். கிரீஸ்பெயின்ட் குச்சிகள், மூக்கை மாற்றும் பசைமண், தழும்பு உண்டாக்கக் கொலோடியன் திரவம், கன்னத்தை உப்பவைக்கப் பஞ்சு, ஒட்டுமுடி, பொய்ப்பற்கள். அந்தப் பெட்டி இன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1929இல் வந்த என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் 14ஆம் பதிப்பில் ஒப்பனை பற்றிய கட்டுரைக்கு அவரிடம்தான் போனார்கள். ஒரு தொழிலில் அந்த உயரத்துக்குப் போன மனிதரிடம் "அதைத் துடைத்துவிட்டு வா" என்று கேட்பது நியாயமா?

அவர் வேடத்தைக் கடைசியில் ஒட்டிக்கொண்டவர் இல்லை. வேடம் போட்டுக்கொண்டே பாத்திரத்தைக் கண்டுபிடித்தவர். முகம் கோணினால் நடை கோணும், நடை கோணினால் பார்வை மாறும். இதை எப்படி இரண்டாகப் பிரிப்பீர்கள்?

மாடசாமி_மேடை

இரண்டு பேரும் மேடையை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

அம்மாவுக்கு நடித்துக் காட்டிய கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் ஏதோ பிறவி வரம்போல ஆகிவிடும். அந்த வீட்டில் மற்றப் பிள்ளைகளும் அதே பெற்றோரோடுதான் வளர்ந்தார்கள். சேனியை சேனியாக்கியது சுமார் பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிய நாடக வாழ்க்கை.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஓபரா ஹவுஸில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பையனாக உள்ளே போனார். 1902இல் அண்ணனோடு சேர்ந்து மேடை ஏறினார். அதற்குப் பிறகு இசை நகைச்சுவைக் குழுக்களோடு ஊர்ப் பயணம். அந்தக் குழுக்கள் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஆள் நடிக்க வேண்டும், ஆட வேண்டும், கொஞ்சம் பாட வேண்டும், திரைக்குப் பின்னால் உடுப்பு, செட், மேனேஜர் வேலையும் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் கிழவர், அடுத்ததில் வாலிபர். நடுவில் முகம் மாற்றச் சில நிமிடம்தான். அவருக்கு நடன அமைப்பாளர் வேலையும் தெரியும். இன்றைக்கு 'திகில் நடிகர்' என்று நினைக்கிறோமே, அந்த மனிதர் மேடையில் இருந்தவரை நகைச்சுவைக்காரர், ஆட்டக்காரர்.

தாளம் தெரிந்த உடம்பு அது. பயங்கரக் காட்சியிலும் அவர் ஒவ்வோர் அசைவையும் எண்ணிப் போடுவதைப் பாருங்கள். அது கொட்டகையில் படித்த பாடம்.

யாழினி

வணக்கம் உறவுகளே. மாடசாமி அண்ணா சொன்னதில் ஒரு பாதிக்கு மறுப்பு சொல்ல வேண்டும்.

என் சித்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவவோடு வளர்ந்ததால் எனக்குச் சைகை மொழி கொஞ்சம் வரும். சேனியின் படத்தை அவவோடு சேர்ந்து பார்த்தபோது, முதல் பத்து நிமிடத்திலேயே என் கையைத் தட்டி, "இந்த ஆள் கையாலே பேசத் தெரிந்த ஆள்" என்று காட்டினா. அவருடைய பெற்றோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

காது கேட்பவர்கள் கையை ஆட்டும்போது அது பேச்சுக்குத் துணையாகத்தான் போகும். பேச்சு முடிந்ததும் கையும் தொய்ந்துவிடும். சைகைக்காரரின் கைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கும், முகமும் அதே கணத்தில் கையோடு சேர்ந்து மாறும். புருவம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகாது. சேனியிடம் அந்த ஒற்றுமை இருக்கிறது. அவரோடு நடிக்கும் மற்றவர்கள் உதட்டை அசைத்துவிட்டு, திரையில் எழுத்தாக வரும் வசன அட்டைக்காகக் காத்திருக்கிறார்கள். சேனி அட்டை வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறார்.

கொட்டகை அவருக்குத் தாளத்தைக் கொடுத்திருக்கலாம். அந்தக் கையைக் கொடுத்தது வீடுதான்.

தேவகி_ராம்

நான் சேனியின் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்? பேய்ப் படம் எனக்கு ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெண்திரை

தேவகி மேடம், 'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு' (1924) பாருங்கள். பேய் கிடையாது. பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள், அதற்கு முன் கதையைச் சொல்ல மாட்டேன்.

யாழினி, உங்கள் சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த இழைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மாடசாமி அண்ணே, மேடையைத் தொட்டதால் அவர் மேடையை விட்ட கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1905இல் ஓக்லஹோமா சிட்டியில் கிளீவா கிரைட்டன் என்ற பாடகியைச் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டார். கிளீவாவுக்கு அப்போது பதினாறு வயதுதான். 1906இல் மகன் பிறந்தான். பிறகு கலிபோர்னியாவுக்குப் போனார்கள். குடும்ப வாழ்க்கை சரியாக அமையவில்லை. 1913 ஏப்ரல் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் மெஜஸ்டிக் தியேட்டரில் கோல்ப்-டில் குழுவின் ஆட்டத்தை சேனி நிர்வகித்துக்கொண்டிருந்தபோது, கிளீவா அங்கேயே விஷம் குடித்தார். உயிர் பிழைத்தது, பாடும் குரல் போய்விட்டது. விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது, விவாகரத்து ஆனது, நாடகக் குழுக்கள் சேனிக்குக் கதவை மூடிவிட்டன.

அந்தக் காலத்தில் நாடகக்காரர்கள் சினிமாவை மட்டமாகத்தான் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல்தான் சேனி யூனிவர்சல் ஸ்டுடியோ வாசலில் போய் நின்றார். அங்கே தினமும் உதவி இயக்குநர்கள் வந்து "இன்றைக்கு ஒரு மாலுமி வேண்டும், ஒரு கிழவர் வேண்டும்" என்று கேட்பார்கள். யாருக்கு வேடம் கைவசம் இருக்கிறதோ அவருக்குக் கூலி. பெட்டியோடு போன ஆளுக்கு எல்லா வேடமும் கைவசம் இருந்தது. அவருடைய மேக்கப் திறமை வயிற்றுப்பாட்டுக்காக வளர்ந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கிளீவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேனியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அந்தப் பெண்ணை ஒரு தடைக்கல்லாக மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்கள். குரலை நம்பிப் பிழைத்த ஒருத்தி இருபத்து சொச்சம் வயதில் குரலை இழந்தாள். அந்த இழப்புக்கும் இந்தக் கதையில் இடம் வேண்டும்.

பாரிமுனை

யூனிவர்சலில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பெரும்பாலும் ஒரு ரீல், இரண்டு ரீல் ஓடும் குறும்படங்கள். 1918 வாக்கில் சம்பள உயர்வு கேட்டபோது, "வாரத்துக்கு நூறு டாலருக்கு மேல் நீ ஒருநாளும் பெற மாட்டாய்" என்கிற மாதிரி ஸ்டுடியோ நிர்வாகி சொன்னதாக ஒரு கதை உண்டு. வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார். வில்லியம் எஸ். ஹார்ட் தன் கௌபாய்ப் படத்தில் வில்லன் வேடம் கொடுத்தார்.

அடுத்த வருடம் 'தி மிராக்கிள் மேன்' (1919). உடல் முறுக்கிக்கிடக்கும் முடவனாக நடித்துப் பணம் பறிக்கும் ஏமாற்றுக்காரன் வேடம், பெயர் 'தவளை'. ஊர் கூடி நிற்க, ஒரு குணமளிப்பவரின் முன்னால் தவழ்ந்து போய், ஒவ்வொரு மூட்டாகத் திருப்பி, நிமிர்ந்து நிற்பார். முழுப் படம் இன்று இல்லை, ஆனால் நல்லவேளையாக அந்தக் காட்சித் துண்டு மிஞ்சியிருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

வெண்திரை சார், உங்கள் கட்சிக்கு நானே ஒரு ஆதாரம் தருகிறேன்: அந்தக் காட்சியில் மேக்கப் ஏறக்குறைய இல்லை. முழுக்க உடம்புதான்.

மாடசாமி_மேடை

'தி பெனால்டி' (1920) பற்றி யாரும் பேசவில்லையே! உடம்பு என்று பேச ஆரம்பித்தால் அதைத் தாண்டிப் போக முடியாது.

சின்ன வயதில் ஒரு விபத்து. அனுபவமில்லாத டாக்டர் தேவையே இல்லாமல் இரண்டு காலையும் வெட்டிவிடுகிறார். அந்தப் பையன் வளர்ந்து சான் பிரான்சிஸ்கோவின் கள்ளர் உலகத்துக்குத் தலைவனாகிறான். பெயர் பிளிசர்ட். சேனி தன் கால்களை மடக்கிப் பின்பக்கமாகத் தொடையோடு சேர்த்துத் தோல்வாரால் கட்டி, முழங்காலைத் தோல் கூட்டுக்குள் நுழைத்து நடந்தார். இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் ஒரே மூச்சில் அதிக நேரம் எடுக்க முடியாது. கட்டை அவிழ்த்து, தேய்த்துவிட்டு, மறுபடி கட்டுவார்கள்.

வலியைச் சொல்லிப் பாராட்டுவது எனக்குப் பிடிக்காது. வலித்தது என்பதற்காக நடிப்பு நன்றாகிவிடாது. பார்க்க வேண்டியது, அந்தக் கட்டோடு அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான். ஓர் இடத்தில் சுவரில் அடித்திருக்கும் முளைகளைக் கையால் பிடித்து மேலே ஏறி, அடுத்த அறையை ஒரு துவாரம் வழியாகப் பார்ப்பார். ஏறும்போது முகத்தில் எந்தச் சிரமமும் இருக்காது. தினமும் ஏறிப் பழகிய இடத்தில் ஏறுகிற அலட்சியம் மட்டும்தான். இருபது வருடமாகக் கால் இல்லாமல் வாழ்ந்தவன் எப்படி இருப்பானோ அப்படி. கால் இல்லாததை நடிக்கும் சராசரி நடிகர் அந்த இடத்தில் திணறிக் காட்டியிருப்பார்.

இன்னொன்று. பிளிசர்டுக்கு பியானோ என்றால் உயிர். காலில்லாததால் பெடலை மிதிக்க முடியாது. ஒரு பெண் பியானோவுக்கு அடியில் மண்டியிட்டுக் கையால் பெடலை அழுத்துவாள், மேலே இவர் வாசிப்பார். கொடுமைக்காரன், அதே நேரத்தில் இசையில் கரைந்து போகிறவன். தலையை மட்டும் பாருங்கள் அந்தக் காட்சியில்.

நிலவன்

'தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்டர் டாம்' படத்தில் கூனன் குவாசிமோடோவாக நடிக்க 70 பவுண்டு கூனைச் சுமந்தாராமே? அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

பாரிமுனை

நிலவன் தம்பி, அந்த 70 பவுண்டு விளம்பரக்காரர்கள் ஊதிய கணக்கு. சேனியைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்கள் கூனின் எடை அதில் ஒரு சிறு பங்குதான் என்று சொல்லிவிட்டார்கள். எடை குறைந்தால் மரியாதை ஒன்றும் குறையாது. 1923இல் அந்தப் படம் எடுக்கப்படுவதற்கே அவருடைய விடாமுயற்சி ஒரு காரணம். யூனிவர்சல் வளாகத்தில் பாரிஸ் தேவாலயத்தின் முகப்பையும் சதுக்கத்தையும் கட்டி நிறுத்தினார்கள். வாரம் நூறு டாலருக்கு மேல் பெற மாட்டாய் என்று தன்னிடம் சொன்னதாகச் சொல்லப்படும் அதே ஸ்டுடியோவுக்கு அவர் நட்சத்திரமாகத் திரும்பி வந்தார்.

1925இல் 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'. முகமூடியை இழுக்கும் அந்த ஒரு காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது அமைக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். அவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்து ஆர்கன் வாசிக்கிறார். பாடகி கிறிஸ்டின் பின்னால் நிற்கிறாள். முகமூடி போனதும் முதலில் அந்த முகத்தைப் பார்ப்பது நாம்தான், அவளுக்கு இன்னும் தெரியாது. அடுத்த நொடி அவர் திரும்புகிறார். மூக்கைக் கம்பியாலும் மெல்லிய சவ்வாலும் மேலே இழுத்து ஒட்டியிருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. காட்சி வேலை செய்வது அவர் வாய் திறக்கும் அந்தத் தருணத்தில். பயமுறுத்தியவனே பயந்துபோய்விடுகிறான்.

அந்த ஓபரா அரங்க செட் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. 2014இல்தான் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள்.

யாழினி

அந்தப் படத்தில் முகமூடி கழலும் வரைக்கும் அவருக்கு முகமே இல்லை. நிழல், கறுப்பு அங்கி, இரண்டு கை. அந்தக் கைகளை மட்டும் பார்த்து முதல் பாதியை ஒருமுறை ஓடவிடுங்கள். தொடுவதற்குப் போய்த் தொடாமல் நிற்கும் கை அது.

கடலோடி

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையில் இவ்வளவு தூரம் வந்தும் யாரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை.

சேனி சீனர்களாக நடித்த படங்கள் ஒன்றிரண்டு இல்லை. 'பிட்ஸ் ஆஃப் லைஃப்' (1921), 'ஷேடோஸ்' (1922), 'மிஸ்டர் வூ' (1927). 'மிஸ்டர் வூ'வில் தாத்தா, பேரன் இரண்டு வேடமும் அவரே. மகளாக நடித்தவர் பிரான்ஸில் பிறந்த ரெனே அடோரே. அதே படத்தில் ஆனா மே வாங் இருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்கப் பெண், உண்மையான நடிகை. அவருக்குக் கொடுத்தது துணை வேடம். கண் இமையை ஒட்டிக்கொண்ட வெள்ளைக்காரி கதாநாயகி, உண்மையான சீனப் பெண் பக்கத்தில் நிற்கிறாள். இதை "அபாரமான மேக்கப்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

காலில்லாதவன், கையில்லாதவன், கூனன் என்றால் வஞ்சம் வைத்திருப்பான் என்ற எண்ணத்தை மக்கள் மனதில் ஊன்றியதிலும் இந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. என் குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கிறார். அவரோடு உட்கார்ந்து 'தி பெனால்டி' பார்க்க எனக்கு மனம் வராது.

வெண்திரை

கடலோடி, நீங்கள் சொல்வதில் முதல் பாதிக்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை. அது அப்படித்தான் நடந்தது, அநியாயம்தான். ஆனா மே வாங் கடைசியில் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்கே போனார், இந்த மாதிரி வேடங்கள் சலித்துத்தான்.

இரண்டாவது பாதியில் கொஞ்சம் வேறுபடுகிறேன். கதைகள் அப்படி எழுதப்பட்டன, உண்மை. சேனி அவற்றை நடித்த விதம் கதைக்கு எதிராகப் போகிறது. குவாசிமோடோவைச் சக்கரத்தில் கட்டிச் சாட்டையால் அடிக்கும் காட்சியில் ஊரே சிரிக்கிறது. கேமரா அவர் முகத்துக்கு வரும்போது, பார்வையாளன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நிற்கக் கூசுகிறான். நாடோடிப் பெண் எஸ்மரால்டா தண்ணீர் கொடுக்கும்போது அவர் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தவிக்கிறார். அவருடைய வீட்டிலேயே பெற்றோரை ஊர் எப்படி நடத்தியது என்பதைப் பார்த்து வளர்ந்தவர். தன் படங்களின் நோக்கம், உருச்சிதைந்த மனிதருக்குள்ளும் தியாகம் செய்யும் மனம் இருக்கிறது என்று காட்டுவது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார்.

கடலோடி

தியாகம் செய்தால்தான் அவன் மனிதன் என்று ஆகிறதே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கடைசியில் அவன் செத்துப்போவான், நல்ல முகம் உள்ளவன் பெண்ணோடு போவான். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இதே முடிவு. நடிகருடைய பரிவை நான் சந்தேகிக்கவில்லை. அந்த முடிவுகளை அவருடைய பரிவு மாற்றவில்லை.

யாழினி

கடலோடி அண்ணா, அந்த முடிவையே தலைகீழாக்கிய படம் 'தி அன்நோன்' (1927). டாட் பிரவுனிங் இயக்கியது.

அலான்சோ (சேனி) சர்க்கஸில் கையில்லாதவனாக நடிக்கிறான். கால்விரலால் கத்தி வீசுவான். உண்மையில் கைகள் இருக்கின்றன, இறுக்கமான உள்ளுடுப்புக்குள் கட்டி மறைத்திருக்கிறான். அவன் ஒரு கொலைகாரன், ஒரு கையில் இரட்டைக் கட்டைவிரல் இருப்பதால் பொலிஸ் கண்டுபிடித்துவிடும். அவன் விரும்பும் நானோனுக்கு (இளவயது ஜோன் கிராஃபோர்ட்) ஆண்களின் கை பட்டாலே ஆகாது.

ஒரு காட்சி. கட்டை அவிழ்த்தாயிற்று, அறையில் நண்பன் கோஹோ மட்டும். அலான்சோ யோசனையில் மூழ்கியிருக்கிறான். கால் தானாகவே எழும்பி, சிகரெட்டை எடுத்து, பற்றவைத்து, வாய்க்குக் கொண்டுவருகிறது. கோஹோ பார்த்துச் சிரிக்கிறான்: உனக்குக் கை இருப்பதையே மறந்துவிட்டாயே! அலான்சோ தன் கைகளைக் குனிந்து பார்க்கிறான். அந்தப் பார்வையில், கைகளை உண்மையிலேயே வெட்டிவிடலாம் என்ற எண்ணம் பிறப்பதை நாம் பார்க்கிறோம். வசன அட்டை எதுவும் தேவையில்லை.

கால் செய்யும் நுணுக்கமான வேலைகளில் பல, பால் டெஸ்மியூக் என்ற கையில்லாத கலைஞருடையவை. இடுப்புக்கு மேலே சேனி, கால் டெஸ்மியூக். இரண்டு உடம்பு ஒரே மனிதனாகத் தெரிவதற்குச் சேனி தன் தோளையும் கழுத்தையும் அந்தக் காலின் தாளத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். டெஸ்மியூக்கின் பெயரையும் நாம் சொல்லியே ஆக வேண்டும்.

கைகளை வெட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். அதற்குள் அவளுடைய பயம் தெளிந்து, வேறொருவனின் கைக்குள் இருக்கிறாள். "பார், இப்போது எனக்குப் பயமில்லை" என்று சந்தோஷமாகக் காட்டுகிறாள். சேனி சிரிக்க ஆரம்பிக்கிறார். அந்தச் சிரிப்பு நிற்கவே நிற்காமல் போய், இடையில் எந்த நொடியில் அழுகையாகிறது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. முகத்தில் ஒப்பனை என்று எதுவும் இல்லை.

சேனியைப் பார்த்துத்தான் நடிப்பு என்றால் என்னவென்று புரிந்துகொண்டதாக ஜோன் கிராஃபோர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

தேவகி_ராம்

'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு' பார்த்துவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை.

ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை அவர் நம்பிய பிரபுவே திருடிக்கொள்கிறார். அறிஞர்கள் சபையில் முறையிடும்போது பிரபு கன்னத்தில் அறைகிறார், சபை முழுவதும் சிரிக்கிறது. அவர் சர்க்கஸ் கோமாளி ஆகிறார். அவருடைய ஆட்டமே மற்றக் கோமாளிகளிடம் அறை வாங்குவதுதான். தினமும், கூட்டம் சிரிக்கச் சிரிக்க.

அறை விழுவதற்கு ஒரு கணம் முன்பு அவர் கன்னத்தைத் தானே காட்டுகிறார், பார்த்தீர்களா? வேண்டி வாங்குகிறவரைப்போல. எனக்கு அந்த இடத்தில் வயிறு பிசைந்தது. வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட யாருக்கும் அந்தக் கன்னம் புரியும். இவ்வளவு நாள் இவரைப் பேய்ப்பட நடிகர் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தார்களே எல்லோரும்!

வெண்திரை

மேடம், இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். அதை இயக்கியவர் சுவீடனிலிருந்து வந்த விக்டர் ஷோஸ்ட்ரோம். புதிதாக உருவான எம்ஜிஎம் ஸ்டுடியோ தயாரித்த முதல் படம் அது.

மாடசாமி_மேடை

மேக்கப் இல்லாத சேனிக்கு முழுநீள ஆதாரம் வேண்டுமானால் 'டெல் இட் டு தி மரீன்ஸ்' (1926). அமெரிக்காவின் மரீன் படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சார்ஜன்ட் ஓ'ஹாரா. சொந்த முகம், சொந்தக் குரல்... குரல் இல்லை, சொந்த நடை. எம்ஜிஎம்மில் அவருக்கு மிகப் பெரிய வசூல் கொடுத்த படங்களில் ஒன்று. மரீன் படையே அவருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது.

வெளியுலகத்துக்கு அவர் முகம் காட்டவே மாட்டார். விருந்து, விழா எதற்கும் போவதில்லை. ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் நடுவில் லான் சேனி என்று ஒருவர் கிடையாது என்பது அவருடைய கொள்கை. மீன் பிடிக்க மலைக்குப் போய்விடுவார். சியரா மலைத்தொடரில் அவருக்குக் கல்வீடு வடிவமைத்துக் கொடுத்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர்.

நிலவன்

பேசும் படம் வந்ததும் அவர் என்ன ஆனார்?

பாரிமுனை

நடித்தார், ஒன்றே ஒன்று. ஆரம்பத்தில் தயங்கினார். ஆயிரம் முகத்துக்கு ஒரே குரலா என்ற கவலை. கடைசியில் 1925இல் தான் நடித்த 'தி அன்ஹோலி த்ரீ' படத்தையே 1930இல் பேசும் படமாக எடுக்கச் சம்மதித்தார். குரல் மாற்றிப் பேசும் வித்தைக்காரன் பாட்டி வேடம் போட்டுத் திருடும் கதை. வித்தைக்காரன், பாட்டி, பொம்மை, கிளி, ஒரு பெண் என ஐந்து குரல்களையும் அவரே பேசினார். வேறு யாரும் குரல் கொடுக்கவில்லை என்று சட்டப்படி பிரமாணப் பத்திரம் கையெழுத்திட்டு அதையும் ஸ்டுடியோ விளம்பரமாக்கியது.

நீதிமன்றக் காட்சியில் பாட்டியாகச் சாட்சி சொல்லும்போது குரல் நழுவி ஆண் குரல் வெளிவரும். அந்த ஒரு நழுவலை அவர் எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பேசும் படத்திலும் நீடித்து நின்றிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.

படம் ஜூலையில் வந்தது. 1930 ஆகஸ்ட் 26 அன்று நுரையீரல் புற்றுநோய் முற்றி, தொண்டையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். 47 வயது. கடைசி நாட்களில் பேச முடியாமல் சைகையில்தான் பேசினார். அவருடைய உடலுக்கு மரீன் படை மரியாதை செலுத்தியது.

தேவகி_ராம்

மகன் என்ன ஆனார்?

பாரிமுனை

அப்பா இருந்தவரை சினிமாவுக்கு வரவில்லை. இறந்த பிறகுதான் வந்தார், கிரைட்டன் சேனி என்ற சொந்தப் பெயரில். பிறகு ஸ்டுடியோக்களின் வற்புறுத்தலில் 'லான் சேனி ஜூனியர்' ஆனார். 1941இல் ஓநாய் மனிதனாக நடித்துப் பெயர் வாங்கினார். அவரைப் பற்றித் தனி இழையே போடலாம்.

கடலோடி

என் கருத்து வேறுபாட்டை வைத்துக்கொண்டே ஒரு வருத்தத்தையும் சொல்கிறேன். 150க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் கடைசிப் பிரதி 1965இல் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போனது. இன்று அதன் ஸ்டில்கள்தான் இருக்கின்றன. அதனால்தான் அதில் அவர் போட்ட வேடத்தின் பற்களும் உயரத் தொப்பியும் மட்டும் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. அசையும் சேனி போய், அசையாத முகம் மட்டும் மிஞ்சிவிட்டது. வெண்திரை ஆரம்பத்தில் சொன்ன 'மேக்கப்காரர்' என்ற பெயருக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

யாழினி

அது மிகச் சரி, அண்ணா. ஆனால் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 'தி அன்நோன்' பல காலம் தொலைந்த படமாகத்தான் இருந்தது. 1968இல் பிரெஞ்சு சினிமாதெக் என்ற படக் காப்பகத்தில் ஒரு பிரதி அகப்பட்டது. அண்மையில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் மியூசியம் செக் நாட்டுப் பிரதியில் இருந்த பகுதிகளையும் சேர்த்து, முன்பைவிட நீளமான பதிப்பைச் சீரமைத்திருக்கிறது. பார்ப்பவர்கள் அதையே தேடிப் பாருங்கள்.

மாடசாமி_மேடை

யூனிவர்சல் காலத்துக் குறும்படங்களில் மிஞ்சியது ஏதாவது உண்டா? கொட்டகையிலிருந்து வந்த புதிதில் அவர் எப்படி நடித்தார் என்று பார்க்க ஆசை.

வெண்திரை

இருக்கிறது அண்ணே. 'பை தி சன்ஸ் ரேய்ஸ்' (1914), ஒரு கௌபாய்ப் படம். சுரங்கக் கம்பெனியில் குமாஸ்தா வேடம். தங்கம் எப்போது கிளம்புகிறது என்று கண்ணாடியில் வெயிலைத் திருப்பிக் கொள்ளையருக்குச் சைகை காட்டுவார். கையும் தோளும் இன்னும் கொட்டகையின் கடைசி வரிசைக்கு நடித்துக்கொண்டிருக்கின்றன, எல்லாமே பெரிசு பெரிசாக. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே 'தி பெனால்டி' பாருங்கள். நடுவில் ஆறே வருடம். அந்த ஆறு வருடத்தில் எதையெல்லாம் குறைத்தார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும், மேடை தெரிந்தவர் நீங்கள்.

மாடசாமி_மேடை

சரி, இந்த ஞாயிறு இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். யாழினி, உங்கள் சித்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். 1914 படத்தில் அந்தக் கை அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.